கடைசிப் பத்து நிமிடம்

முப்பத்தைந்து திர்ஹாம் டிக்கெட்.
முசாஃபாவில் வெள்ளிக்கிழமை இரவுக் காட்சி.
இடிந்த பாலத்தின் பழியைச் சுமந்து
பன்னிரண்டு வருஷம் உள்ளே இருந்த கொத்தனார்
வெளியே வருகிறான்.
பழி போட்ட என்ஜினியர்
மழையில் காத்து நின்று காலில் விழ,
தூக்கி நிறுத்திச் சொல்கிறான்:
"தெரியும் சார்.
அன்னிக்கு ராத்திரி நீங்க காகிதத்தை மாத்தினப்போ
சன்னலுக்கு வெளியே நான்தான் நின்னேன்.
கம்பெனி மூடியிருந்தா நானூறு உலை அணைஞ்சிருக்கும்.
ஒருத்தன் போனா என்ன?"

வயலின்கள்.
பின்வரிசையில் ஒரு விசில்.
என் பக்கத்தில் ஹபீபுல்லா
மூக்கை உறிஞ்சிக்கொண்டு
பாப்கார்ன் வாளிக்குள் கைவிட்டுத் துழாவினான்.
அது எப்போதோ காலி.

கேம்ப்புக்குத் திரும்பும் பஸ்ஸில்
நான்தான் ஆரம்பித்தேன்.
வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

தெரிந்தவன் எதற்குக் கோர்ட்டில் அப்படி முழித்தான்?
இடைவேளைக்கு முன்னால், கூண்டுக்குள்,
நீதிபதி தன் பெயரைச் சொன்னதும்
வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று
திரும்பிப் பார்த்தானே,
அந்தப் பார்வை எந்தக் கணக்கு?
பெண்டாட்டி மனுவோடு
கலெக்டர் ஆபீஸ் வாசலில் மயங்கி விழுந்தாள்.
அவளிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டானா?
முடிவை முதலில் எழுதிவிட்டு
முன்பாதிக்குத் தகவல் சொல்ல மறந்துவிட்டார்கள்.

"சினிமாவுல போய் லாஜிக் பாத்துக்கிட்டு" என்றான் ஹபீபுல்லா.
கம்பி கட்டும் பரமகுருதான் விடவில்லை:
"லாஜிக் கிடக்கட்டும்ணே. நியாயம் சரிதானே?
நானூறு பெருசா, ஒண்ணு பெருசா?"

நானூறு பெரிது.
நான் டைம்கீப்பர், கூட்டல் எனக்கு வரும்.
ஆனால் அந்த ஒன்று யார் என்று முடிவான அறையில்
அவனுக்கு ஒரு நாற்காலி போட்டார்களா?
போடவில்லை என்பது
கதை எழுதியவனுக்கே உறுத்தியிருக்கிறது.
அதனால்தான் கடைசிப் பத்து நிமிடத்தில்
அவனைச் சன்னலுக்கு வெளியே கொண்டுவந்து நிறுத்தி
பின்தேதியிட்டுச் சம்மதம் வாங்கிக்கொண்டான்.
இனி என்ஜினியர் வீட்டுக்குப் போகலாம்,
நாம் பரோட்டா சாப்பிடப் போகலாம்.

இதையெல்லாம் பஸ்ஸில் சொன்னேனா?
பாதி சொன்னேன்.
மீதிப் பாதி தவசிக்கனி.

ஆறாவது தளத்தில் சாரம் சரிந்த நேரம்
அவன் கீழே ஸ்டோரில்
வாஷர் எண்ணிக்கொண்டிருந்தான்.
ஒரு பெயர் வேண்டும் என்றான் ஃபோர்மேன்.
இல்லாவிட்டால் சைட்டுக்கே சீல்,
நூற்றுப் பத்துப் பேருக்குச் சம்பளம் நிற்கும்.
ஷிஃப்ட் ஷீட்டில் என் கையெழுத்து அழகாக இருக்கும்.
கிளாம்ப் மாட்டியவர் என்ற கட்டம் காலியாக இருந்தது.
நிரப்பினேன்.
அந்த நூற்றுப் பத்தில் நானும் ஒருவன்.

நாலு மாதம் ஜெயில், அப்புறம் விசா கேன்சல்.
ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோகுமுன்
பெட்டியைக் கொடுக்கப் போனேன்.
"அண்ணே, அந்த ஷீட்ல எம்பேரு எப்படிண்ணே வந்துச்சு?"
கோபமில்லை.
பஸ் எங்கே நிற்கும் என்று கேட்பவன் மாதிரி கேட்டான்.
மழை பெய்யவில்லை. நாற்பத்தாறு டிகிரி.
விசாரிக்கிறேன் என்றேன்.

இரண்டு வருஷமாகத் தினமும் காலையில்
வாட்ஸ்அப்பில் ஒரு பூ அனுப்புகிறான்.
வேறு ஒரு சொல் கிடையாது.
தெரிந்து அனுப்புகிறானா, தெரியாமலா,
அவன் ஃபோனில் இருக்கிற எல்லோருக்கும் போகிற பூவா?
பார்த்த படத்தை மறுபடி பார்ப்பவன் மாதிரி
பழைய பூக்களை மேலே தள்ளித் தள்ளித் தேடியிருக்கிறேன்,
எங்காவது ஒரு சன்னல் இருக்கிறதா என்று.
இருந்துவிட்டால் எனக்கு எவ்வளவு வசதி.
எனக்கு அவ்வளவு வசதியான முடிவை
நான் நம்பக் கூடாது.

இன்று ஆறு பதினொன்றுக்கு
மஞ்சள் ரோஜா, மேலே பனித்துளி.
விரலால் பெரிதாக்கினேன்.
ஓரத்தில் சின்ன எழுத்தில்
சாத்தான்குளத்து நகைக்கடை ஒன்றின் பெயர்.
செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை.